அத்தியாயம் 6: முதலில் ஓட்டுநரின் கணக்கு, பிறகு செயலி

ஆட்டோ சவாரியையும் பார்சல் டெலிவரியையும் ஒரே இடத்தில் பதிவு செய்யும் செயலி ஒன்றை உங்கள் ஊரில் தொடங்க நினைக்கிறீர்கள். இந்த எண்ணத்தோடு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "செயலி செய்ய எவ்வளவு செலவாகும்?" என்பதுதான். அதற்கு முன்பே விடை கண்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தச் செயலியால் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் கையில் மாலையில் கூடுதலாக எவ்வளவு நிற்கும்?

வண்டியும் எரிபொருளும் உழைப்பும் அவருடையவை. கணக்கு கட்டுப்படியாகவில்லை என்றால் அவர் செயலியை அணைத்துவிட்டு ஸ்டாண்டுக்குத் திரும்பிவிடுவார். வண்டி இல்லாத செயலியை இரண்டு முறை திறந்து பார்த்த பயணி மூன்றாம் முறை திறக்க மாட்டார். அதனால் இந்த அத்தியாயத்தில் பகுதியைத் தேர்ந்தெடுப்பது, கட்டணம் வைப்பது, திரையை அமைப்பது, நிரல் எழுதுவது என எல்லாவற்றையும் ஓட்டுநரின் ஒரு நாள் கணக்கிலிருந்தே தொடங்குகிறோம்.

உதாரணத்துக்குக் கும்பகோணத்தை எடுத்துக்கொள்வோம். வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, ஊருக்குள்ளும் சுற்றிலும் கோயில்கள், ரயில் நிலையம், பேருந்து நிலையம், முகூர்த்த நாள் கூட்டம் என்று ஒரு சவாரிச் செயலிக்கு வரக்கூடிய சோதனைகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. உங்கள் ஊர் வேறானால் இடப்பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள், முறை மாறாது.

1. ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுத வேண்டிய கணக்கு

ஊரின் வெவ்வேறு ஸ்டாண்டுகளைச் சேர்ந்த ஓட்டுநர்கள் சிலரிடம் ஒரு வாரக் கணக்கைக் கேட்டு எழுதுங்கள். சங்கப் பொறுப்பாளரைப் பார்த்து, எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். எழுத வேண்டியவை:

- வாடகை வண்டியானால் நாள் வாடகை; சொந்த வண்டியானால் மாத டியூவில் ஒரு நாள் பங்கு
- எரிபொருள் செலவு
- டயர், ஆயில், ரிப்பேர், எஃப்சி, இன்சூரன்ஸ் ஆகியவற்றின் ஒரு நாள் பங்கு
- ஆள் ஏற்றி ஓடிய கிலோமீட்டர்
- காலியாக ஓடிய கிலோமீட்டர்
- ஸ்டாண்டில் காத்திருந்த நேரம்

கடைசி இரண்டையும் யாரும் எழுதி வைப்பதில்லை. உங்கள் செயலி உண்மையில் குறைக்கக்கூடிய செலவுகள் அந்த இரண்டும்தான். டயர் விலையையோ டியூவையோ நீங்கள் குறைக்க முடியாது. காலி ஓட்டத்தையும் காத்திருப்பையும் குறைக்க முடியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னை ஆட்டோக்களுக்கு 2013 ஆகஸ்டில் தமிழக அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம், முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதற்கு மேல் கி.மீ.க்கு 12 ரூபாய். இதன்படி 6 கி.மீ. சவாரிக்கு 75.40 ரூபாய். செயலி நிறுவனம் 20 சதவீதம் எடுத்தால் 15.08 போய், ஓட்டுநருக்கு 60.32 நிற்கும். பயணியை ஏற்ற அவர் 2 கி.மீ. காலியாக வந்திருந்தால் மொத்த ஓட்டம் 8 கி.மீ.; கி.மீ.க்கு 7.54 ரூபாய். இறக்கிவிட்டு 6 கி.மீ. காலியாகவே திரும்பினால் ஓட்டம் 14 கி.மீ. ஆகிவிடும், கி.மீ.க்கு 4.31 ரூபாய்தான். எரிபொருள், டியூ எல்லாம் இதற்குள்ளிருந்து போக வேண்டும். ஏட்டில் 12 ரூபாயாக இருப்பது கையில் 4.31 ஆகும் இடத்தைத்தான் உங்கள் செயலி சரிசெய்ய வேண்டும்.

2. கமிஷனா, நாள் கட்டணமா?

நிறுவனத்துக்கு வருமானம் வர இரண்டு வழிகள் நடைமுறையில் உள்ளன. ஒன்று, சவாரிக்கு இவ்வளவு சதவீதம் என்று கமிஷன் எடுப்பது. உபரும் ஓலாவும் வளர்ந்தது இந்த வழியில். மற்றொன்று, கமிஷன் எடுக்காமல் நாளுக்கு இவ்வளவு என்று ஓட்டுநரிடம் கட்டணம் வாங்குவது. பெங்களூருவில் 2022 நவம்பரில் ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தின் ஒத்துழைப்போடு வந்த நம்ம யாத்ரி, 2023-ல் நாளுக்கு 25 ரூபாய் அல்லது சவாரிக்கு 3.50 ரூபாய் என்ற முறையை வைத்தது. அதன்பின் ரேப்பிடோவும் ஆட்டோக்களுக்குக் கமிஷன் இல்லாத சந்தா முறைக்கு 2024-ல் மாறியது.

மேலே சொன்ன 75.40 ரூபாய் சவாரியை ஒரு நாளில் பத்து முறை ஓட்டினால் வரவு 754 ரூபாய். 20 சதவீதக் கமிஷன் என்றால் போவது 150.80, நாள் கட்டணம் 25 என்றால் போவது 25. அந்த 125.80 ரூபாய்க்காகத்தான் ஓட்டுநர்கள் இந்த முறைக்கு வந்தார்கள்.

சிற்றூருக்கு நான் பரிந்துரைப்பது நாள் கட்டணம். ஆனால் ஒரு நிபந்தனையோடு: அன்றைக்குக் குறைந்தது மூன்று சவாரியாவது கிடைத்தால் மட்டுமே அதை எடுங்கள். சவாரி கொடுக்காத நாளுக்குக் காசு வாங்கும் செயலி ஒரு மாதத்தில் பெயர் கெட்டுவிடும்.

3. எத்தனை வண்டி வேண்டும்?

"ஐநூறு ஓட்டுநர்களைச் சேர்த்துவிட்டோம்" என்று பெருமைப்படுவது புதிதாகத் தொடங்குகிறவர்களின் வழக்கம். தேவைக்கு மேல் சேர்த்த ஒவ்வொரு வண்டியும் மற்ற வண்டிகளின் வருமானத்தைக் குறைக்கிறது.

கணக்கு எளிது. மணிக்கு 20 அழைப்பு வருகிறது என்று வையுங்கள். போய் ஏற்றி, இறக்கி, அடுத்ததற்குத் தயாராக அரை மணி நேரம். அப்படியானால் எந்த நேரத்திலும் 10 வண்டிகள் ஓட்டத்தில் இருக்கும். அடுத்த அழைப்புக்குப் பக்கத்திலேயே ஒரு வண்டி கிடைக்க இன்னும் எட்டு, பத்து வண்டிகள் காலியாக நிற்க வேண்டும். ஆக, ஒரே நேரத்தில் 20 வண்டிகள் செயலியில் இருந்தால் போதும். அதே 20 அழைப்புக்கு 100 வண்டிகள் காத்திருந்தால் ஒருவருக்கு ஐந்து மணி நேரத்துக்கு ஒரு சவாரிதான் விழும்.

அதனால் ஊர் முழுவதையும் முதல் நாளே திறக்காதீர்கள். ரயில் நிலையம், பேருந்து நிலையம், மகாமகக் குளத்தைச் சுற்றிய தெருக்கள் என்று ஒரு சிறு வட்டத்தில் தொடங்குங்கள். அந்த வட்டத்துக்குள் பத்து அழைப்பில் ஒன்பதுக்கு வண்டி கிடைக்கும் நிலை வந்த பிறகே அடுத்த பகுதிக்குப் போங்கள். எல்லையைப் போடும்போது ஆட்டோ பெர்மிட்டில் குறித்திருக்கும் எல்லையையும் பாருங்கள். அதற்கு வெளியே சவாரி கொடுத்தால் அபராதம் ஓட்டுநர் தலையில்தான் விழும்.

4. நிரல் எழுதும் முன் ஒரு மாதம் போனில்

இந்தத் துறையில் பெரிதாக வளர்ந்த சில நிறுவனங்கள் செயலியோடு பிறக்கவில்லை. இந்தோனேசியாவின் கோஜெக் 2010-ல் ஜகார்த்தாவில் இருபது பைக் ஓட்டுநர்களோடு ஓர் அழைப்பு மையமாகத் தொடங்கியது. அதன் செயலி வந்தது 2015-ல். பெங்களூருவின் டெலிவரி நிறுவனமான டன்சோ முதலில் ஒரு வாட்ஸ்அப் குழுவாகத்தான் இயங்கியது. பின்னாளில் பெரும் முதலீடுகள் பெற்றும் 2025 ஜனவரியில் அதன் சேவை நின்றுபோனது. தொடக்கத்தில் எளிமை வேண்டும் என்பது ஒரு பாடம். ஒவ்வொரு டெலிவரியும் தன் செலவைத் தானே தாங்க வேண்டும் என்பது மற்றொரு பாடம்.

நீங்களும் ஒரு போன் எண், ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு நோட்டு ஆகியவற்றோடு ஒரு மாதம் நடத்துங்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் நேரம், எங்கிருந்து எங்கே, எந்த ஓட்டுநர் ஒத்துக்கொண்டார், எத்தனை நிமிடத்தில் போனார், என்ன கட்டணம், நடக்காமல் போனால் ஏன் என்று எழுதுங்கள். சென்னை ரயில் வந்து நிற்கும் நேரத்தில் எவ்வளவு கூட்டம், முகூர்த்த நாளில் எங்கே வண்டி தட்டுப்பாடு, நண்பகலில் எத்தனை வண்டி சும்மா நிற்கிறது என்பதெல்லாம் அந்த நோட்டில் தெரியும். செயலி வந்த பிறகும் போன் பதிவை நிறுத்தாதீர்கள். மருத்துவமனைக்குப் போகும் பெரியவர்கள் பலர் போனில் பேசித்தான் வண்டி கேட்பார்கள். அவர்கள் சொல்வதை உங்கள் ஆள் பதிவு செய்ய ஒரு திரை இருந்தால் போதும்.

5. ஒரு சவாரியை அருகிலிருந்து பார்ப்போம்

கும்பகோணம் ரயில் நிலையத்தில் இறங்கிய பயணி ஒருவர் தாராசுரம் கோயிலுக்கு வண்டி கேட்கிறார். ஓட்டுநரின் போனில் என்ன தெரிய வேண்டும்? இன்று பல செயலிகளில், சவாரியை ஏற்றுக்கொண்டதும் ஓட்டுநர் போன் செய்து, "சார், எங்க போகணும்? கேஷா, ஆன்லைனா?" என்று கேட்கிறார். பதில் பிடிக்கவில்லை என்றால் கேன்சல். பயணிக்கு எரிச்சல், ஓட்டுநருக்கு மதிப்பெண் குறைவு. அந்த இரண்டு கேள்விக்கும் விடையைத் திரை முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த அழைப்பே தேவைப்படாது.

ஏற்றுக்கொள்ளும் முன்பே ஓட்டுநர் பார்க்க வேண்டியவை ஐந்து: ஏற்றும் இடம், அங்கே போகக் காலியாக ஓட வேண்டிய தூரம், இறக்கும் இடம், மொத்தத் தொகை, பணம் தரும் வழி. இவற்றைத் தமிழில் குரலாகவும் சொல்ல வையுங்கள். வண்டி ஓட்டுகிறவர் கண் சாலையில் இருக்க வேண்டும். கதவு எண்ணைவிட "மகாமகக் குளம் மேல்கரை" என்பது அவருக்குச் சட்டென்று விளங்கும். ஆகவே ஊரார் சொல்லும் அடையாளங்களை உங்கள் வரைபடத்தில் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே, சவாரி என்பது ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு நகரும் பதிவு: கேட்டாயிற்று, ஏற்றாயிற்று, வண்டி வந்தாயிற்று, புறப்பட்டாயிற்று, முடிந்தது. எந்த நிலையிலும் ரத்து ஆகலாம். ஒவ்வொரு நகர்வுக்கும் நேரம், இடம், யார் செய்தது ஆகிய மூன்றையும் அழியாமல் சேமியுங்கள். நாளை தகராறு வந்தால் பேசப்போவது இந்தப் பதிவுதான். புறப்படும் முன் பயணி சொல்லும் ஓடிபி எண்ணை ஓட்டுநர் பதிய வேண்டும் என்று வைத்தால், வேறு வண்டியில் ஏறிவிடும் குழப்பம் நீங்கும்.

நிரலாளர் இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, ஒரே சவாரியை இரண்டு ஓட்டுநர்கள் ஒரே நொடியில் ஏற்பது. "இந்தச் சவாரி இன்னும் யாருக்கும் போகவில்லை என்றால் மட்டும் இவர் பெயருக்கு மாற்று" என்ற ஒரே கட்டளையாகத் தரவுத்தளத்திலேயே அதை முடிக்க வேண்டும். முதலில் பார்த்துவிட்டுப் பிறகு எழுதினால் அந்த இடைவெளியில் இருவருக்கும் கிடைத்துவிடும்.

இரண்டாவது, சிக்னல் மோசமான இடத்தில் பயணி பொத்தானை இரண்டு முறை அழுத்துவது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் போனிலேயே ஒரு தனி எண் உருவாகி அதோடு வர வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிய சவாரி போடாமல் பழைய பதிலையே தர வேண்டும்.

மூன்றாவது, ஆண்ட்ராய்டு போன்களின் பேட்டரி சேமிப்பு. பின்னணியில் ஓடும் செயலியைப் பல போன்கள் தாமாகவே நிறுத்திவிடும். ஓட்டுநர் செயலியில் இருப்பதாக நினைத்துக் காத்திருப்பார், சவாரி வராது. அறிவிப்புப் பட்டையில் எப்போதும் தெரியும் முன்னணிச் சேவையாக அதை எழுதுங்கள். ஓட்டுநரைச் சேர்க்கும் நாளிலேயே அவர் போனை வாங்கி, பேட்டரி கட்டுப்பாட்டை நீக்கிக் கொடுங்கள்.

6. தூரம் எதை வைத்து?

வரைபடத்தில் நேர்கோட்டுத் தூரத்தை வைத்துப் பக்கத்து வண்டியைத் தேடுவது எளிது. ஆனால் கும்பகோணத்தில் அது ஏமாற்றும். பயணி காவிரியின் தென்கரையிலும் வண்டி வடகரையிலும் இருந்தால் நேர்கோட்டில் முந்நூறு மீட்டர்கூட இருக்காது. பாலம் சுற்றி வந்தால் பல நிமிடம். ரயில்வே கேட்டும் அப்படித்தான். அதனால் இரண்டு படிகளாகச் செய்யுங்கள். முதலில் நேர்கோட்டில் பக்கத்தில் உள்ள பத்து வண்டிகளை எடுங்கள். பிறகு அந்தப் பத்துக்கு மட்டும் சாலை வழி நேரத்தைக் கணக்கிட்டு வரிசைப்படுத்துங்கள்.

முதல் படிக்கு ரெடிஸ் அல்லது போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளம் போதும். ஊரை அறுகோணங்களாகப் பிரிக்கும் எச்3 என்ற கருவியை உபர் 2018-ல் திறந்த மூலமாக வெளியிட்டது. எந்தக் கட்டத்தில் எந்த நேரம் வண்டி பற்றவில்லை என்று பார்க்க அது உதவும். சாலை வழிக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவையும் ஓஎஸ்ஆர்எம் மென்பொருளையும் உங்கள் சர்வரிலேயே ஓட்டலாம். கேள்விக்கு இவ்வளவு என்று காசு கொடுக்க வேண்டியதில்லை. சந்துகள் விட்டுப்போயிருந்தால் நீங்களே திருத்தலாம்; அந்தத் திருத்தம் எல்லோருக்கும் பயன்படும்.

இருப்பிடத்தை எத்தனை நொடிக்கு ஒருமுறை அனுப்புவது என்பதும் ஓட்டுநரின் செலவுதான். அடிக்கடி அனுப்பினால் சார்ஜும் டேட்டாவும் போகும். சவாரியில் இருக்கும்போது ஐந்து நொடி, காலியாக நிற்கும்போது முப்பது நொடி என்று தொடங்கலாம். ஜிபிஎஸ் நின்ற இடத்திலேயே சில மீட்டர் அங்குமிங்கும் அலையும். அந்த அலைச்சலையெல்லாம் கூட்டினால் ரயில்வே கேட்டில் நின்ற வண்டி ஓடியதாகக் கணக்கு வரும். கிடைத்த புள்ளிகளைச் சாலையோடு பொருத்திய பிறகே தூரத்தைக் கணக்கிடுங்கள்.

7. பார்சல் தனி வேலை

சவாரி காலையிலும் மாலையிலும் குவியும். நண்பகலில் வண்டிகள் சும்மா நிற்கும். மருந்து, பூ, மதியச் சாப்பாடு, கடைச் சரக்கு என்று அந்த நேரத்தை நிரப்புவதே டெலிவரியின் பயன். ஆனால் சவாரித் திரையையே பார்சலுக்கும் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பயணி தானாக ஏறி இறங்குவார், வழி சொல்லுவார். பார்சலுக்கு அதெல்லாம் இல்லை.

- கொடுப்பவர், வாங்குபவர் இருவர் எண்ணும் வேண்டும். இரு முனையிலும் ஓடிபி வேண்டும்.
- உள்ளே என்ன, எவ்வளவு எடை, அதிகபட்சம் எவ்வளவு மதிப்பு என்பதைக் கேட்டுப் பதியுங்கள். ஏற்றக்கூடாத பொருள்களின் பட்டியல் இருவருக்கும் தெரிய வேண்டும்.
- வாங்கும்போது ஒரு படம், கொடுக்கும்போது ஒரு படம்.
- வீடு பூட்டியிருந்தால் எத்தனை நிமிடம் நிற்பது, திருப்பி எடுத்துவரும் கூலி யாருடையது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாவிட்டால் நஷ்டம் ஓட்டுநருக்குத்தான் போகும்.
- பொருளுக்கான ரொக்கத்தை ஓட்டுநர் வசூலிப்பதாக இருந்தால், அவர் கையில் சேரும் தொகைக்கு ஒரு வரம்பு வையுங்கள்.

ஆள் இருக்கும் வண்டியில் அவர் சம்மதம் இல்லாமல் பார்சல் ஏற்றக்கூடாது. மூட்டை, மரச்சாமான் போன்றவற்றுக்குச் சரக்கு பெர்மிட் உள்ள லோடு ஆட்டோ, குட்டி யானை ஆகியவற்றைத் தனிப் பிரிவாகச் சேருங்கள். பயணிகள் ஆட்டோவுக்கு அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

8. சட்டம், பணம், தரவு

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 93-வது பிரிவு செயலி நிறுவனங்களையும் உரிமத்தின் கீழ் கொண்டுவந்தது. மத்திய அரசு 2020 நவம்பரில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டு, 2025 ஜூலையில் அவற்றைப் புதுப்பித்தது. சொந்த வண்டி ஓட்டுநருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் போய்ச் சேர வேண்டும். நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் போகக்கூடாது. ஓட்டுநருக்கு 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடும் 10 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடும் வேண்டும் என்கின்றன அவை. நடைமுறை விதிகளை வகுப்பது மாநில அரசு என்பதால், தொடங்கும் முன் போக்குவரத்துத் துறையிடம் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். செயலி வழி ஆட்டோ சவாரிக்கு 2022 ஜனவரி முதல் 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. உங்கள் கட்டண முறைக்கு அது எப்படிப் பொருந்தும் என்று ஆடிட்டரிடம் கேட்பதும் முதல் மாத வேலை.

பணத்தைப் பயணி நேராக ஓட்டுநரின் யுபிஐக்கே அனுப்பட்டும். உங்கள் கணக்கில் வாங்கி வாரக்கடைசியில் பிரித்துக் கொடுப்பதாக வைத்தால், ரிசர்வ் வங்கி விதிகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பும் வரும். அன்றன்றைக்கு டீசல் போடுகிறவரைக் காக்க வைத்த பழியும் சேரும்.

பயணியின் போன் எண் ஓட்டுநருக்கோ, அவர் எண் பயணிக்கோ தெரியக்கூடாது. இடையில் மறைப்பு எண் வழியாகப் பேச வையுங்கள். குறிப்பாகப் பெண் பயணிகளின் பாதுகாப்புக்கு இது அவசியம். 112-க்கு நேராக அழைக்கும் பொத்தானும், பயணத்தை வீட்டாருக்குப் பகிரும் வசதியும் முதல் பதிப்பிலேயே இருக்கட்டும். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, எதற்காக வாங்கினீர்களோ அதற்கு மட்டுமே தரவைப் பயன்படுத்தலாம். தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும்.

ஓட்டுநரின் கணக்கை முடக்கும் முடிவை இயந்திரத்திடம் விடாதீர்கள். காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்து, அவர் பக்கத்தைக் கேட்க ஓர் ஆளை வையுங்கள். தமிழ்நாட்டில் 2023 சுதந்திர தின உரையில் முதல்வர் அறிவித்தபடி செயலிவழி வேலை செய்யும் (கிக்) தொழிலாளர்களுக்கு நல வாரியம் அமைந்திருக்கிறது. உங்களிடம் சேரும் ஒவ்வொருவரையும் அதில் பதிவு செய்ய உதவுங்கள்.

தொடங்கும் முன் சரிபார்க்க

1. ஓட்டுநர்களின் ஒரு வாரக் கணக்கு உங்கள் கையில் இருக்கிறதா?
2. போன் வழியாக ஒரு மாதம் நடத்திய நோட்டு இருக்கிறதா?
3. உங்கள் கட்டணம் போக, பழைய வருமானத்தைவிட ஓட்டுநருக்குக் கூடுதலாக நிற்கிறதா?
4. காலி கிலோமீட்டர் குறைந்திருக்கிறதா?
5. சங்கத்தோடு எழுத்தில் ஓர் உடன்பாடு உண்டா?
6. உரிமம், வரி, காப்பீடு பற்றித் துறையின் பதில் வந்துவிட்டதா?

இந்த ஆறில் மூன்றாவதற்கு "ஆம்" என்று சொல்ல முடியவில்லை என்றால் நிரல் எழுத ஆள் தேடாதீர்கள்; கட்டணத்தையும் பகுதியையும் மாற்றி மறுபடி ஒரு மாதம் போனில் நடத்துங்கள். "ஆம்" என்றால் எல்லாவற்றையும் புதிதாக எழுதவும் தேவையில்லை. நம்ம யாத்ரியின் நிரல் திறந்த மூலமாகவே கிடைக்கிறது. மென்பொருளை யாரிடமிருந்தும் பெறலாம், உங்கள் ஊர் ஓட்டுநர்களின் நம்பிக்கையை நீங்கள்தான் சம்பாதிக்க வேண்டும். நாளைக் காலை ஒரு நோட்டோடு ஸ்டாண்டுக்குப் போய் வேலையைத் தொடங்குங்கள்.